ஒரிஜினல் இருக்கா?

கவுண்டருக்குள் இருந்தவர் தலையைத் தூக்காமலே கேட்டார். "ஒரிஜினல் இருக்கா?"

"வாசல்ல நிக்குது சார்" என்றேன்.

அப்போதுதான் தலையைத் தூக்கினார். சித்தம் கலங்கியவனைப் பார்க்கிற பார்வை. "வண்டிய யாருங்க கேட்டா? ஆர்.சி. புக்கு. ஒரிஜினல்."

இருந்தது. கரையான் ஓரத்தை மட்டும் தின்றுவிட்டு நடுப்பக்கத்தை எனக்கென்று விட்டுவைத்திருந்தது. அவர் அதைப் புரட்டினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஒரு எழுத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். 12 அடி தூரத்தில், இழுவை வண்டியின் முதுகில், என் 3 வருஷ வியர்வையும் சேமநல நிதியில் ஒரு பெரிய துண்டும் காராக நின்றுகொண்டிருந்தன. அந்தப் பக்கம் ஒரு தடவை கழுத்தைத் திருப்ப அவருக்குத் தோன்றவில்லை. திருப்பியிருந்தால் அது ஹெரால்டா, ஹெலிகாப்டரா என்றாவது தெரிந்திருக்கும்.

1970ஆம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. என் தாய்மாமா ஓட்டியது. அவர் போன பிறகு 22 வருஷம் கீற்றுக் கொட்டகையில் கோழிகள் குடியிருந்த வீடு. நான் எடுத்து வரும்போது பின்சீட்டில் அடைகாத்துக்கொண்டிருந்த ஒன்றைக் கிளப்பத் தனியாகப் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருந்தது. சேஸின் நடுத்தண்டிலிருந்து இரண்டு பக்கமும் நீண்டு உடம்பைத் தாங்கும் இரும்புக் கைகள் இருக்கின்றனவே, அவற்றில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. "தம்பி, இதுல இரும்பு எங்க இருக்குன்னு முதல்ல தேடணும்" என்றார் டிங்கர் வேலை பார்க்கும் மேஸ்திரி. எழுபது வயது. புதுப்பேட்டையின் சந்துகள் அத்தனையும் அவர் உள்ளங்கை ரேகை.

தேடினோம். அழுகியதை வெட்டி எறிந்து, அதே கனத்தில் தகடு வாங்கி, அதே அளவுக்கு மடித்து, வெல்டு வைத்தோம். எஞ்சினை இறக்கிப் போர் அடித்து பிஸ்டன் மாற்றினோம். முன்சக்கரத்தைத் தாங்கும் பித்தளை முட்டுக்குப் புது ஜோடி கிடைக்க 7 மாதம் ஆனது. அந்த முட்டில் கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும். தெரியாமல் கிரீஸ் அடித்து ஓட்டியவர்களின் முன்சக்கரம் ஒருநாள் நடுரோட்டில் மடங்கி உட்கார்ந்துவிடும். ஆக, ஹெரால்டில் கிரீஸ் வைக்கக் கூடாத இடம் ஒன்றாவது உண்டு. நான் போய் நின்ற அலுவலகத்தில் அப்படி ஓர் இடம் இருப்பதாகத் தெரியவில்லை.

இந்த வண்டி பிறந்த கதையைச் சொன்னால் நான் செய்த குற்றத்தின் கனம் புரியும். 1950களின் கடைசியில் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனிக்குக் காரின் முழு உடம்பையும் ஒரே கூடாக அடித்துத் தர ஆள் கிடைக்கவில்லை. அதனால் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கேலோட்டி வரைந்த அழகான உருவத்தைத் துண்டு துண்டாகச் செய்து, தனிச் சேஸின் மேல் போல்ட்டால் இறுக்கும்படி வைத்தார்கள். 1959இல் வெளியே வந்தது. மூக்கும் மட்கார்டும் பானெட்டும் ஒரே துண்டாக முன்னால் கவிழும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டரைத் துடைக்கலாம். துண்டுகளாக இருந்ததால் பெட்டியில் அடுக்கிக் கப்பலேற்றுவதும் சுலபம். அப்படித்தான் 1961இல் மதராஸுக்கு வந்து, வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில், நம் ஆட்கள் கையால் பூட்டப்பட்டு, 'ஸ்டாண்டர்டு' என்ற பெயரோடு வெளியே போனது. இங்கிலாந்தில் அந்தப் பெயரை 1963இல் தூக்கிப் போட்டார்கள். ஒரு காலத்தில் 'உயர்தரம்' என்று பொருள்பட்ட சொல், 'வேறு வசதி ஒன்றும் இல்லாத சாதா' என்று ஆகிவிட்டதாம். நமக்கு அந்தச் சங்கடம் வரவில்லை. சாதா கிடைப்பதே வரம் என்று புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த தேசம் அது.

பூட்டுவதற்கென்றே பிறந்த வண்டி. பிரித்து மறுபடி பூட்டினேன். என் பேரில் உள்ள குற்றச்சாட்டு இவ்வளவுதான்.

இங்கிலாந்தில் இந்தக் குற்றத்தைச் செய்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். உடம்பு துருப்பிடித்த ஹெரால்டுகளின் சேஸை உருவி, அதன் மேல் ஃபைபர் கூட்டை வைத்து, வீட்டுக் கொட்டகையிலேயே புதுக் கார் ஆக்கினார்கள். கிட் கார் என்பார்கள். அதற்கும் முன்னால், 1957இல் காலின் சாப்மனின் லோட்டஸ் செவன் வந்தது. முழுக் காராக வாங்கினால் அரசுக்குக் கொள்முதல் வரி கட்ட வேண்டும்; உதிரிகளாக வாங்கினால் வேண்டாம். ஆனால் பூட்டும் முறையைச் சொல்லும் கையேட்டை உதிரிகளோடு கொடுத்தால் அது முழுக் கார் கணக்கில் சேர்ந்துவிடும். லோட்டஸ்காரர்கள் என்ன செய்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள்: காரைப் பிரிப்பது எப்படி என்று ஒரு கையேடு போட்டுக் கொடுத்தார்களாம். வாங்கியவர் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படித்தார், கார் கிளம்பியது. 1973 ஏப்ரலில் வரிமுறை மாறி அந்தச் சலுகை போயிற்று. லோட்டஸ் அந்தக் காரைக் கேட்டர்ஹாம் என்ற கம்பெனியிடம் கொடுத்துவிட்டது. அவர்கள் இன்றும் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். வாங்குபவர்கள் இன்றும் வீட்டில் பூட்டுகிறார்கள். பூட்டிய வண்டியை ஆய்வாளர் குனிந்து, நிமிர்ந்து, விளக்கடித்துப் பார்த்துத் தேறினால் நம்பர் கொடுக்கிறார். இன்ன வருஷத்தது என்றே சொல்ல முடியாத கதம்பமா? அதற்கும் 'க்யூ' என்று ஒரு தனி எழுத்து வைத்திருக்கிறார்கள்.

வெள்ளைக்காரன் சட்டம் புத்திசாலித்தனமானது என்று சொல்ல வரவில்லை. கையேட்டுக்கு வரி போடுகிற புத்தி சாமானியமா? அந்த முட்டாள்தனத்தில் ஒரு மனுஷன் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைந்து வெளியேற ஒரு சந்து இருந்தது, அவ்வளவுதான். அவனிடமிருந்து கோப்பை வாங்கினோம், முத்திரையை வாங்கினோம், 'சார்' என்ற சொல்லையும் வாங்கினோம். சந்தை மட்டும் சுவர் வைத்து அடைத்துவிட்டோம். இங்கே ஒருவன் தன் கையால் ஒரே ஒரு கார் செய்து ரோட்டில் விட வேண்டும் என்றால் முதலில் அவன் உற்பத்தியாளர் ஆக வேண்டும். ஒரகடத்திலோ புனேயிலோ இருக்கும் சோதனைச்சாலைக்கு மாதிரி வண்டி அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். லட்சம் கார் செய்கிறவனும் ஒற்றைக் கார் செய்கிறவனும் ஒரே வாசலில் வரிசையில் நிற்கலாம். சமத்துவம் தேசத்தில் வேறெங்கும் இல்லாவிட்டாலும் அங்கே உண்டு.

சரி, நான் புதுக் கார் செய்யவில்லை. பழையதைச் சரி செய்தேன். அதற்கு 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இருக்கிறது. உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியில் எதையும் மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்தி அடித்துச் சொல்லிவிட்டது. திருட்டு வண்டியை வெட்டி ஒட்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், சைலன்சரைக் கழற்றிவிட்டு ஊரை எழுப்புகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சட்டம் வேண்டாம் என்று எவன் சொன்னான்? ஆனால் என் உற்பத்தியாளர் யார்? வண்டலூர்க் கம்பெனி 1980களின் கடைசியிலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. அந்த இடத்தில் இன்று கண்ணாடிக் கட்டடங்களில் ஐ.டி. அலுவலகங்கள். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு டீ குடிக்க இறங்கி வரும் பிள்ளைகளிடம் போய், "தம்பி, ஹெரால்டு மார்க் 3க்குப் பின்னச்சு என்ன அளவு?" என்று கேட்டு எழுதி வாங்கி வரவா?

அந்தக் கம்பெனி கடைசியாக விட்ட கார் ஸ்டாண்டர்டு 2000. வருஷம் 1985. உடம்பு ரோவர் கம்பெனியின் அன்றைய நவீன உடம்பு. பார்த்தால் வாய் பிளக்கும். உள்ளே அதே கம்பெனியின் பழைய வான்கார்டு கார் காலத்து எஞ்சின். உடம்பின் கனத்தை அது இழுக்கவில்லை, கம்பெனியும் எழவில்லை. 1939 சட்டத்தை எடுத்துவிட்டு 1988இல் கொண்டுவந்த சட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கார் ஞாபகம்தான் வருகிறது.

கட்டணத்துக்கு வருவோம். 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்ததை 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில், 20 வருஷம் தாண்டியிருந்தால் 10,000. வயதாக வயதாகக் கட்டணம் ஏறும். ரயிலில் வயதானவர்களுக்கு இருந்த கட்டணச் சலுகையையே 2020இல் நிறுத்தியவர்கள் அதைத் திருப்பித் தரவில்லை, கிழட்டுக் காருக்கா இரங்கப் போகிறார்கள்? அதே வண்டியை நசுக்கும் ஆலைக்குக் கொண்டுபோய்ப் பிணமாக ஒப்படைத்தால் கையில் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டிப் புதுக் கார் வாங்கினால் சாலை வரியில் 25 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. கொன்றால் வெகுமானம், பிழைக்க வைத்தால் அபராதம். இதற்குப் பெயர் சுற்றுச்சூழல் அக்கறை. வருஷத்துக்கு 300 கிலோமீட்டர் கூட ஓடாத என் ஹெரால்டு வானத்தைக் கெடுக்கிறது. அதற்குப் பதிலாக, ஒரே ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு தினமும் அண்ணா சாலையில் 2 மணி நேரம் உறுமி நிற்கிற யானை சைஸ் வண்டி வானத்தைக் கழுவி விடுகிறது.

"சார், உங்களுக்கு வேற ரூட் இருக்கு" என்றார் புரோக்கர். கவுண்டருக்குள் இருப்பவருக்குச் சட்டம் தெரியாது, வெளியே இருப்பவருக்குத் தெரியும். இந்த ஏற்பாடு எப்போது வந்தது என்று எவருக்கும் ஞாபகமில்லை. "50 வருஷம் தாண்டின வண்டிதானே? வின்டேஜ்ல போடலாம்."

2021 ஜூலையில் வந்த விதி. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும். நம்பர் பலகையில் 'வி.ஏ.' என்று போட்டுத் தருவார்கள். அன்றாட வேலைக்கு ஓட்டக் கூடாது. வேறு எதற்கு ஓட்டலாம்? கண்காட்சிக்கு, தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கு, வின்டேஜ் ராலிக்கு. பெட்ரோல் போட. பராமரிப்புக்கு. மறுபடி படித்தேன். ஆமாம், பெட்ரோல் போடப் போகலாம். போட்ட பெட்ரோலை வைத்துக்கொண்டு வேறெங்கும் போக முடியாது. அது தீர்ந்ததும் மறுபடி பெட்ரோல் போடப் போகலாம். ஓட்டுவதால் பழுதாகும், பழுதானதால் பார்க்கப் போகலாம். செக்கு மாட்டுக்குக்கூட கடைசியில் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சும்.

இன்னும் ஒரு வரி இருந்தது. வண்டி தன் மூல வடிவில் இருக்க வேண்டும். சேஸிலோ உடம்பிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்கிற பெரிய அளவிலான சீரமைப்பு எதுவும் நடந்திருக்கக் கூடாது.

50 வருஷம் ஆன இரும்பு. வங்காள விரிகுடாவின் உப்புக்காற்று. அதற்கு ஒன்றும் செய்திருக்கக் கூடாது! செய்யாமல் விட்டால் சேஸ் முறிந்து ரோட்டில் விழும். ஆனால் விழும் கணம் வரை அது பாரம்பரியச் சின்னம். தகடு வைத்து வெல்டு அடித்து நாலு பேர் நம்பி ஏறும்படி செய்துவிட்டால், மாற்றம் என்று ஒரு வார்த்தையில் அடித்துத் தள்ளிவிடலாம். வீட்டுக் கூரை ஒழுகுகிறதே என்று ஓடு மாற்றியவனிடம், இது உன் பாட்டன் வீடு இல்லை என்று பட்டாவைப் பிடுங்குவது மாதிரி.

அலுவலகத்திலிருந்து இழுவை வண்டிக்குக் கூலி கொடுத்துத் திரும்பும் வழியில் எனக்கு ஜி.எஸ்.டி. சாலை. அதே சாலையில் கொஞ்சம் தெற்கே போனால் சிங்கப்பெருமாள்கோயில். 2007 முதல் அங்கே பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை நடக்கிறது. அங்கே நடக்கும் வேலையை மேஸ்திரியிடம் சொன்னால் அவர் ஒரே வார்த்தையில் புரிந்துகொள்வார்: பெட்டியில் வரும், பிரிப்பார்கள், பூட்டுவார்கள். முழுக் காராகக் கப்பலில் இறக்கினால் சுங்கவரி காரின் விலையையே எட்டிப் பிடிக்கும்; உதிரிகளாக இறக்கினால் அதில் ஒரு சின்னப் பங்குதான். லோட்டஸ் வாங்கிய ஆங்கிலேயன் தன் கொட்டகையில் செய்த அதே தந்திரம். அவன் செய்தது 300, 400 பவுண்டை மிச்சம் பிடிக்க. இங்கே கோடிக் கணக்கு. அதனால் பெயர் தந்திரம் இல்லை, 'தொழிற்கொள்கை'. 2015இல் சச்சின் டெண்டுல்கரை அந்தத் தொழிற்சாலைக்கு அழைத்து வந்து கார் பூட்டும் வேலையில் ஒரு கை கொடுக்க வைத்தார்கள். எல்லாப் பத்திரிகையிலும் படம். 'இந்தியாவில் தயாரிப்போம்' என்று தேசமே கைதட்டியது. அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, மனுஷன் அழகாகச் சிரித்தார். ஆனால் அவர் ஸ்பானர் பிடித்தால் உற்பத்தி, என் மேஸ்திரி பிடித்தால் 52ஆம் பிரிவா?

52ஆம் பிரிவுக்குக் கண் தெரியாது என்றும் சொல்ல முடியாது. நன்றாகத் தெரியும், ஆள் பார்த்துத் தெரியும். தேர்தல் வந்தால் பாருங்கள். வேனின் கூரையை அறுத்து ஓட்டை போட்டு, அதில் தலைவர் எழுந்து நிற்க மேடை வைத்து, நாலு பக்கமும் விளக்குக் கட்டி, பாதுகாவலர்கள் தொங்கப் பின்னால் படிக்கட்டு பற்றவைத்து, ஒலிபெருக்கி ஏற்றி ஓட்டுவார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் அந்த வேனை மறித்து "ஒரிஜினல் இருக்கா?" என்று கேட்டதாகச் சரித்திரம் உண்டா? வழிவிட்டு சல்யூட் அடிப்பார். அதே ஊரில், காசிமேட்டிலிருந்து ஐஸ் சொட்டச் சொட்ட மீன் ஏற்றிப் போக, மூணு சக்கரத் தள்ளுவண்டியில் பழைய ஸ்கூட்டர் எஞ்சினைப் பொருத்தி ஒருவன் மீன்பாடி வண்டி செய்வான். மதராஸ் பெற்றெடுத்த அசல் கிட் கார் அதுதான். கையேடே இல்லாமல் பூட்டியது. அதை மட்டும் பிடித்துக்கொண்டுபோய்க் காவல் நிலைய மதிலோரம் மழையில் நனையப் போடுவார்கள். ஆபத்தான வண்டிதான், பிரேக் என்பது பல நேரம் நம்பிக்கை மட்டும்தான். சரி, அவனுக்கு ஒழுங்கான பிரேக் வைக்கச் சொல்லிக்கொடுத்து, சோதித்து, நம்பர் கொடுக்க எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னல் திறந்திருக்கிறது? அவன் வண்டி மதிலோரம் துருப்பிடிக்கும்போது, குளிரூட்டிய மண்டபத்தில் மேலாண்மைப் பேராசிரியர் 'ஜுகாட்' என்று இந்தியில் பெயர் வைத்து, ஏழையின் கண்டுபிடிப்புத் திறன் பற்றிப் படம் காட்டிக்கொண்டிருக்கிறார். படத்தில் இருப்பது அந்த மாதிரி வண்டிதான். மத்தியானம் பிரியாணி.

இது புதிதில்லை. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு என்று ஒருவர் இருந்தார். மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பூட்டியே இயந்திரம் படித்தவர். 1952இல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார் செய்தார். விலை 2,000 ரூபாய். அரசாங்கம் உரிமம் தரவில்லை. கதை அத்தோடு முடிந்தது. இன்று அவருக்கு அருங்காட்சியகம் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப் போகிறார்கள். செய்கிறவன் கையை உயிரோடு இருக்கும்போது கட்டிப் போட்டுவிட்டு, செத்த பிறகு அந்தக் கையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து டிக்கெட் போடுவதில் நம்மை அடிக்க ஆளில்லை.

புரோக்கர் கடைசியில் ஒரு தாளை நீட்டினார். மேற்படி வாகனத்தில் பெரிய அளவிலான சீரமைப்பு எதுவும் செய்யப்படவில்லை என்று உறுதி கூறுகிறேன். கையெழுத்து.

"பண்ணியிருக்கேங்க. சேஸ்ல புதுத் தகடு வச்சிருக்கேன். அதனாலதான் வண்டி ஓடுது."

"அதச் சொன்னா ஓடாது சார்."

மேஸ்திரி பக்கத்தில்தான் நின்றிருந்தார். 3 வருஷம் என் ஷெட்டில் முட்டி போட்டு, வெல்டிங் வெளிச்சத்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப நான் வரவே இல்லைன்னு எழுதியிருக்கா, தம்பி?" என்றார். பிறகு, "போடுப்பா, வண்டி ரோட்டுக்கு வரட்டும்" என்று டீக்கடைப் பக்கம் நடந்தார்.

கட்டைவிரலில் வெட்டுத் தழும்பு, நகக்கண்ணில் போகாத கறுப்பு. அந்தக் கையாலேயே, இந்தக் கை ஒன்றும் செய்யவில்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

நம்பர் வந்துவிட்டது. டேங்கில் எப்போதும் 2 லிட்டருக்கு மேல் வைப்பதில்லை. எங்கே மறித்தாலும் நான் பெட்ரோல் போடப் போய்க்கொண்டிருக்கிறேன். திரும்பும்போது மறித்தால் பராமரிப்பு. போன ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு இளம் போலீஸ்காரர் கை காட்டினார். தாளை எடுத்தேன், அவர் வாங்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். கதவை ஒரு தடவை திறந்து சாத்தி, சத்தத்தைக் கேட்டார். இத்தனை நாளில் இந்தக் காரைக் கண்ணால் பார்த்த முதல் அரசு ஊழியர் அவர்தான்.

"சூப்பரா இருக்கு சார். யாரு பண்ணது?"

"யாரும் பண்ணலைங்க" என்றேன்.